ஆவடியின் தீர்மானமும் ஆவடிவாசியின் யோசனையும்

1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, தேபர் தலைமையில், சோஷலிஸ பாணிச் சமுதாயமே லட்சியம் எனத் தீர்மானித்து, மறு ஆண்டு தொடங்கிய இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்துக்கே திசை காட்டியது சரித்திரம். அதே ஆவடியில் இன்று வசிக்கும் சாதாரணப் பிரஜை, ஏரிகளின் பாதுகாப்புக்கு ஒரு சட்டம் வேண்டுமென்று கருதினால், தன் பிரதிநிதியின் தயவை நாடுவதன்றி அவருக்கு வேறு மார்க்கம் இல்லை என்பது நிதர்சனம். சட்டசபையில் மனுக்கள் குழு இருக்கிறதே எனலாம். இருக்கிறது, ஆனால் நடைமுறையில் அது பெரும்பாலும் குறைகளைக் கேட்கும் இடமாகவே இருந்து வருகிறது.

கிராமசபைக்கு அரசியல் சாசனத்திலேயே ஸ்தானம் உண்டு. அம்பத்தூர், பூந்தமல்லி போன்ற இடங்களின் நகரவாசிகளுக்கோ, பகுதி சபை என்பது 2022-ல்தான் வாய்த்தது. அங்கே தெருவிளக்கையும் குப்பையையும் பேசட்டும், அவையும் அவசியமே. ஆயினும் அந்தப் பேச்சு மாநகராட்சி, நகராட்சி வாசலோடு நின்றுவிடுகிறது.

பின்லாந்தில் 2012 முதல், 50,000 வாக்காளர்கள் ஆதரவளித்த யோசனை பாராளுமன்றத்தின் பரிசீலனைக்குச் செல்கிறது. அதை ஏற்பதும் நிராகரிப்பதும் பிரதிநிதிகளின் உரிமையாகவே நீடிக்கிறது. கையொப்பத்தையும் விலைக்கு வாங்குவார்களே என்று ஆட்சேபிப்போர் உண்டு. வாக்குக்கே பணம் நீட்டப்படும் தேசத்தில் அந்த அச்சம் நியாயந்தான். அதற்குப் பரிகாரம் கையொப்பங்களைக் கண்டிப்பாகச் சரிபார்ப்பதேயன்றி, கதவை அடைப்பதன்று.

தமிழகச் சட்டசபை தன் விதிகளைத் திருத்தி, போதிய வாக்காளர் ஆதரவு பெற்ற யோசனையை ஒவ்வொரு கூட்டத் தொடரிலும் ஒரு நாளேனும் விவாதிக்க முன்வர வேண்டும்.