எழுதிக் குவிக்கிறோம், எடுக்க வழியில்லை

புது சாஃப்ட்வேர் என்றால் கஸ்டமர் டேபிளுக்கும் பில் டேபிளுக்கும் கூடிக் கூடிப் பேசுகிறார்கள். லாக் டேபிளுக்கு மட்டும் கடைசி நாள் சாயங்காலம் அரை நிமிஷம். "நேரத்துக்கு ஒரு ஃபீல்டு, மெசேஜுக்கு ஒரு ஃபீல்டு, போதும் சார்."

அந்த மெசேஜுக்குள்தான் யூசர் எண், ஆர்டர் எண், எரர் கோடு எல்லாம் ஒரே வாக்கியமாகப் போய் விழுகின்றன. பிறகு ஒரு நாள் ராத்திரி, "இந்த ஆர்டருக்கு என்ன ஆச்சு?" என்று ஃபோன் வரும். இரண்டு பக்கமும் பர்சென்ட் குறி போட்டு லைக் குவெரி ஓட்டினால் சாதாரண பி-ட்ரீ இன்டெக்ஸ் கைகொடுக்காது. டேபிள் முழுவதையும் படித்தாக வேண்டும். பில் போடுவதும் அதே டேட்டாபேஸில்தான். தேடல் முடியும்வரை அதுவும் சேர்ந்து நொண்டும். ஆர்டர் எண்ணுக்குத் தனி ஃபீல்டு வைத்து இன்டெக்ஸ் போட யார் கையைப் பிடித்தார்கள்?

இன்னொரு கூத்து, லாகையும் அதே ட்ரான்ஸாக்‌ஷனுக்குள் எழுதுவது. வேலை பாதியில் கெட்டு ரோல்பேக் ஆனால், ஏன் கெட்டது என்று சொல்லும் வரியும் கூடவே போய்விடும். நன்றாக நடந்ததெல்லாம் பதிவில் இருக்கும், கெட்டது மட்டும் இருக்காது. இதற்குப் பெயர் லாகாம்!

டிஸ்க் நிரம்பியதும் யாராவது டிலீட் போடுவார். போஸ்ட்கிரெஸில் டிலீட் செய்த வரி உடனே இடத்தைக் காலி செய்வதில்லை, செத்த வரியாக அங்கேயே கிடக்கும். வேக்யூம் ஓடினால் அந்த இடத்தை அதே டேபிள் மறுபடி எடுத்துக்கொள்ளும்; டிஸ்க்குக்குப் பெரும்பாலும் திரும்பாது. வேக்யூம் ஃபுல் போட்டால் திரும்பும். ஆனால் அதுவரை டேபிள் பூட்டிக்கிடக்கும், புது நகல் எழுத வேறு இடம் வேண்டும். இடம் இல்லை என்பதுதானே தொல்லையே! நாளுக்கு ஒரு பார்ட்டிஷனாகப் பிரித்து வைத்திருந்தால் பழைய நாளை டிராப் செய்வது நொடி வேலை. 2017-ல் போஸ்ட்கிரெஸ் 10 வந்ததிலிருந்தே இதற்குத் தனி வசதி உண்டு. நேர வரிசையில் சேரும் வரிகளுக்குத் தோதாக, மிகக் குறைந்த இடம் பிடிக்கும் பிரின் இன்டெக்ஸும் உண்டு. அது அதற்கும் முன்பே, 9.5-ல் வந்தது.

சொன்னால், "எலாஸ்டிக்சர்ச் போட்டுடலாம் சார்" என்கிறார்கள். போடுங்கள், நன்றாகத் தேடும். வார்த்தை வார்த்தையாக இன்டெக்ஸ் செய்வதற்கு டிஸ்க்கும் மெமரியும் கேட்கும், அதையும் வாங்கிக் கொடுங்கள். லோக்கி என்ற இன்னொரு லாக் கருவி, லேபிளை மட்டும் இன்டெக்ஸ் செய்வதால் செலவு குறையும். ஆனால் எதை லேபிளாக வைப்பது என்று யோசித்தாக வேண்டும். உட்கார்ந்து யோசிக்கத்தான் இங்கே ஆளில்லை.

சரி, எல்லாவற்றையும் அழித்துத் தொலைக்கலாம் என்றால் அதுவும் முடியாது. 2022 ஏப்ரலில் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி 180 நாள் லாகைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். வைத்திருக்கிறோம். அதில் ஒரே ஒரு நாளை எடுத்துக் கொடுங்கள் என்று கேட்டால் ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்க்கிறார்கள். டீபக் லெவலை அணைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. "பங்ஷனுக்குள் வந்துவிட்டேன்" என்ற வரி இந்த நிமிஷமும் அதே டேபிளில் ஏறிக்கொண்டிருக்கிறது.