பள்ளிப் பலகையில் காற்றுக்கும் இடம் வேண்டும்

வடசென்னையின் எர்ணாவூர்த் தொடக்கப் பள்ளிகளின் அறிவிப்புப் பலகையில் காலை உணவு, தடுப்பூசி முகாம், ஆண்டுவிழா பற்றிய செய்திகளோடு அன்றைய காற்றின் தரமும் அவசர எண்ணும் இருக்க வேண்டும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தபோது மக்கள் மூச்சுத்திணறித் தெருவுக்கு ஓடிவந்தார்கள். 2024 அக்டோபரில் திருவொற்றியூர்ப் பள்ளி ஒன்றில் வாயு நெடியால் மாணவர்கள் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது.

பிள்ளைகளை வீணாகப் பயமுறுத்தலாமா என்பார்கள். அறியாமைதான் பீதியைக் கிளப்பும். ஈரத்துணியால் மூக்கைப் பொத்தி, காற்றுக்குக் குறுக்கே நடக்கப் பழகிய பிள்ளை அவ்வளவாகப் பதறாது. ஆசிரியருக்கு வேலைச்சுமை என்பது நியாயமே. ஆகவே அரசுப் பள்ளிகளில் இந்த வேலையைப் பள்ளி மேலாண்மைக் குழு ஏற்கட்டும். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர்தான். பக்கத்து மணலியில் காற்றின் தரத்தை ஏற்கெனவே அளக்கிறார்கள். அதைப் பலகையில் எழுத ஒரு சாக்பீஸ் போதும்.