"அளவோடு வெச்சுக்கோங்க" என்று சொல்பவர்களுக்கு

போன மாதம் எங்கள் கல்லூரியில் ஒரு கருத்தரங்கு. தலைப்பு "டிஜிட்டல் வாழ்வில் சமநிலை". வெளியூரிலிருந்து ஒருவர் வந்து இரண்டு மணி நேரம் பேசினார். போனைத் தலைமாட்டில் வைத்துத் தூங்காதீர்கள், சாப்பிடும்போது பார்க்காதீர்கள், நோட்டிஃபிகேஷனை அணைத்து வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை ஒருநாளாவது போனுக்கு விரதம் இருங்கள். நல்ல மனிதர். நன்றாகவே பேசினார். கை தட்டினோம்.

இந்தக் கருத்தரங்கு நடக்கப்போகிறது என்ற செய்தியே முந்தின நாள் ராத்திரி பத்தே முக்காலுக்கு வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில்தான் வந்தது. உள்ளே போனால் வருகைப்பதிவுக்குத் திரையில் ஒரு க்யூஆர் கோடு. போன் கொண்டுவராதவன் ஆப்சென்ட். முடிந்ததும் கூகுள் ஃபார்மில் கருத்து சொல்ல வேண்டும், சொன்னால்தான் சான்றிதழ், அதுவும் மெயிலில். அந்த ஃபார்மில் கடைசிக் கேள்வி: "இன்று முதல் போன் பயன்பாட்டைக் குறைத்துக்கொள்வீர்களா?" அரங்கத்தில் இருந்த எல்லோரும் போனைக் குனிந்து பார்த்து "ஆம்" என்று தட்டிவிட்டு வந்தோம் (!).

சிரித்துவிட்டு மறந்திருப்பேன். என் அறைத்தோழன் அந்தப் பேச்சை நம்பித் தொலைத்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவன் அன்றைக்கே ஸ்மார்ட்போனை டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டினான். மறுநாள் பஸ் ஏறிப் போய் ஒரு பட்டன் போன் வாங்கி வந்தான். நாங்கள் எல்லோரும் கிண்டல் செய்தோம், நானும்தான். ஆனால் நான்கைந்து நாளில் பையனிடம் மாற்றம் தெரிந்தது. பத்தரைக்குத் தூங்கினான். சாயங்காலம் வாலிபால் ஆடப் போனான். நூலகத்தில் எடுத்து மூன்று மாதமாகத் தூசு படிந்து கிடந்த புத்தகத்தைப் படித்து முடித்தான். பேச்சாளர் சொன்னது பொய்யில்லை, உண்மையிலேயே பலன் இருந்தது.

ஒன்பதாம் நாள் நான் ஊரில் கோயில் கொடைக்குப் போயிருந்தேன். வியாழக்கிழமை நடக்க வேண்டிய இன்டர்னல் தேர்வு புதன்கிழமை முதல் வகுப்புக்கு மாற்றப்பட்டது. செய்தி செவ்வாய் ராத்திரி பதினொன்று பத்துக்கு குரூப்பில் வந்தது. எல்லோரும் 'ஓகே சார்' போட்டார்கள். அவன் பார்த்திருப்பான் என்று எல்லோருமே நினைத்துக்கொண்டார்கள். காலையில் சும்மா வகுப்புக்கு வருவதுபோல வந்தவன் கையில் கேள்வித்தாள். ஐம்பதுக்குப் பதினொன்று.

போய்க் கேட்டிருக்கிறான். "குரூப்ல போட்டேனே, பாக்கலையா? அப்புறம் போன் எதுக்குப்பா வெச்சிருக்கே?" என்று பதில் வந்ததாம். கேட்டவர் கருத்தரங்கில் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டியவர். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு அந்த உத்தரவு ராத்திரி பத்தரைக்கு இன்னொரு குரூப்பில் வந்திருக்கும்.

அன்று ராத்திரி பெட்டியைத் திறந்தான். அறுநூற்றுச் சொச்சம் செய்திகள். இப்போது பழையபடி ஒரு மணி வரை முழித்திருக்கிறான். ஏதாவது விட்டுப்போய்விடுமோ என்ற பயம் வேறு சேர்ந்துகொண்டது. இந்த மதிப்பெண்ணை நம்பித்தான் அவன் உதவித்தொகை ஓடுகிறது. அந்த உதவித்தொகையை நம்பித்தான் அவன் படிப்பே ஓடுகிறது.

இப்போது சொல்லுங்கள், இவனிடம் எது குறைவு? சுயகட்டுப்பாடா?

"அளவு உன் கையில்தான் இருக்கிறது" என்று சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லும்போதே, நம் நேரத்தை எடுத்துக்கொள்பவர்கள் எல்லோரும் பொறுப்பிலிருந்து நழுவிக்கொள்கிறார்கள். கம்பெனிக்காரனும் நழுவுகிறான், கல்லூரியும் நழுவுகிறது. மாட்டிக்கொள்பவன் பத்தொன்பது வயசுப் பையன் ஒருவன்.

முதலில் கம்பெனிக்காரனைப் பார்ப்போம். கல்யாண வீட்டில் சாப்பிட்டு முடித்தால் இலையை மடித்துவிடுவோம். அதற்குமேல் யாரும் பரிமாற மாட்டார்கள். பேப்பர் கடைசிப் பக்கத்தோடு முடியும். சீரியலுக்குக்கூட ஒரு 'தொடரும்' உண்டு. ஆனால் போனில் நாம் விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கிறதே, அது மடிக்கவே முடியாத இலை. 2006இல் இந்த முடிவில்லாத ஸ்க்ரோலை வடிவமைத்த அஸா ராஸ்கின் பிற்பாடு தானே வருத்தப்பட்டுப் பேசியிருக்கிறார். ஃபேஸ்புக்கின் முதல் தலைவராக இருந்த ஷான் பார்க்கர், மக்களின் நேரத்தையும் கவனத்தையும் எவ்வளவு அதிகமாக இழுக்க முடியும் என்பதுதான் ஆரம்பத்தில் தங்கள் யோசனையாக இருந்தது என்று 2017இல் மேடையிலேயே ஒத்துக்கொண்டார். அதே வருஷம் நெட்ஃபிளிக்ஸின் ரீட் ஹேஸ்டிங்ஸ், எங்களுக்குப் போட்டி தூக்கம்தான் என்றார். வேடிக்கையாகச் சொன்னாரோ என்னவோ, எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாட்ஸ்அப்பில் 2014 நவம்பரில் நீல டிக் வந்தது. சின்ன விஷயம்தான். ஆனால் அதற்குமுன் செய்தியைப் படிக்காமல் இருந்தால் வேலையாக இருக்கிறான் என்று அர்த்தம். அதற்குப் பிறகு, படித்துவிட்டுப் பதில் போடாமல் இருந்தால் திமிர் என்று அர்த்தம். அதை அணைத்துவைக்கவும் வழி உண்டு. அணைத்துவைத்தால் "எதை மறைக்கிறே?" என்ற கேள்வி வரும்.

பிறகு 2018இல் கூகுளும் ஆப்பிளும் நமக்காக மனமிரங்கி, எவ்வளவு நேரம் போன் பார்த்தோம் என்று கணக்குக் காட்டும் வசதியைக் கொண்டுவந்தார்கள். நம்ம ஊர் டாஸ்மாக் ஞாபகம்தான் வருகிறது. பாட்டிலில் மது கேடு என்று அச்சடித்திருக்கும், கடையும் அரசாங்கமே நடத்தும். இனி குடித்தால் தப்பு உன்னுடையது, எச்சரித்தோமே!

என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் யோக்கியன் மாதிரி பேசுகிறேன் என்பீர்கள். போன வாரம் சராசரியாக நாளைக்கு ஐந்து மணி நாற்பது நிமிஷம். அதில் பாதி ரீல்ஸ். பார்த்ததில் ஒன்றுகூட இப்போது ஞாபகமில்லை. தப்பு என்னிடமும் இருக்கிறது. முழுக்க என்னுடையது என்பதைத்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

போனே வேண்டாம் என்று சொல்கிற கட்சியும் நான் இல்லை. எங்கள் அம்மா பீடி சுற்றுபவர். முன்பெல்லாம் பக்கத்தில் ரேடியோ ஓடும், இப்போது போனைச் சுவரில் சாய்த்து வைத்துப் பழைய படம் ஏதாவது ஓட விட்டுக்கொள்கிறார். கை வேலையில் இருக்கும், காது படத்தில் இருக்கும். படம் முடிந்தால் அடுத்தது தானாக ஓட ஆரம்பித்துவிடும். "இதை நிறுத்தித் தொலையேன்யா, நான் கேக்கவே இல்லையே" என்று என்னைக் கூப்பிடுவார். பத்தாவது வரை படித்த என் அம்மா ஒரே வரியில் கேட்டது கருத்தரங்கில் இரண்டு மணி நேரத்தில் வரவில்லை. கேட்காததை ஏன் கொடுக்கிறாய்?

சரி, கம்பெனி அமெரிக்காவில் இருக்கிறது, நம் கை எட்டாது. கல்லூரி நம் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. ராத்திரி பதினொன்று பத்துக்குத் தேர்வு தேதியை மாற்றச் சொல்லி எந்த ஆப்பும் யாரையும் வற்புறுத்தவில்லை. அறிவிப்புப் பலகை இன்றும் இருக்கிறது. அதில் போன வருஷத்து விளையாட்டு விழா நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது.

தனி ஆள் விலகினால் அவன் நஷ்டப்படுவான், என் அறைத்தோழன் மாதிரி. எல்லோரும் சேர்ந்து விலகினால் யாருக்கும் நஷ்டம் இல்லை. மெஸ்ஸில் இதை நாங்களே பார்த்திருக்கிறோம். ஒருவன் மட்டும் போனைக் கீழே வைத்தால் மற்ற ஐந்து பேரின் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டு சாம்பார் சாதம் சாப்பிட வேண்டும். ஒருநாள் கரண்ட் போய் வைஃபையும் போனபோது ஆறு பேரும் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பேசினோம். என்ன பேசினோம் என்று இப்போதும் ஞாபகம் இருக்கிறது (இங்கே எழுத முடியாது).

மகாராஷ்டிராவில் சாங்லி மாவட்டத்தில் மோஹித்யாஞ்சே வட்காவ் என்று ஒரு கிராமம். கொரோனா ஆன்லைன் வகுப்பு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த பிறகு பிள்ளைகள் படிப்பில் ஒட்டவில்லை என்று ஆசிரியர்கள் சொல்ல, 2022 ஆகஸ்டில் ஊர் கூடி ஒரு முடிவு எடுத்தார்கள். சாயங்காலம் ஏழு மணிக்குக் கோயிலில் சைரன் ஊதும். டிவி, போன் எல்லாம் அணைக்க வேண்டும். எட்டரைக்கு மறுபடி ஊதும், போட்டுக்கொள்ளலாம். ஒன்றரை மணி நேரம்தான்.

வீடு வீடாக ஆள் போய்ச் சரிபார்ப்பதெல்லாம் எனக்குப் பிடிக்கவில்லை, அது நம் ஹாஸ்டல் வார்டன் வேலை. எனக்குப் பிடித்தது வேறு. அந்த ஊரில் ஏழரை மணிக்கு யாரும் யாருக்கும் செய்தி அனுப்பிவிட்டு "பாக்கலையா?" என்று கேட்க முடியாது. அங்கே சமநிலை என்பது ஒரு பையனின் மனஉறுதி இல்லை, ஊர் ஏற்பாடு.

பிரான்சில் 2017 ஜனவரி முதல் ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள், வேலை நேரம் முடிந்தபின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை பற்றி ஊழியர்களோடு பேசி ஏற்பாடு செய்ய வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நம் மக்களவையிலும் 2018 டிசம்பரில் சுப்ரியா சுலே இதேபோல ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். சட்டம் ஆகவில்லை. (நம் நாடாளுமன்றத்தில் தனிநபர் மசோதா சட்டமானது கடைசியாக 1970இல்.) அதெல்லாம் ஊழியர்களுக்கு. மாணவனுக்கு அப்படி ஒரு உரிமை உண்டு என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. மாணவனுக்கு வேலை நேரம் என்று ஒன்று இருந்தால்தானே, முடிந்தது என்று சொல்ல!

"வகுப்பில் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுத் தெரிஞ்சுக்க வேண்டியதுதானே" என்று ஒரு நண்பன் கேட்டான். கேட்கலாம். ஆனால் அவன் தப்பிப்பது பக்கத்து அறைக்காரன் ஞாபகம் வைத்துச் சொல்வதைப் பொறுத்திருக்கக் கூடாது. அன்றைக்கு நான் ஊரில் இருந்தேன் என்பதற்காக அவன் முப்பது மதிப்பெண் இழக்க வேண்டுமா? எனக்கு அந்தக் குற்றவுணர்ச்சி இன்னும் போகவில்லை.

நாங்கள் ஒரு மனு எழுதியிருக்கிறோம். மூன்றே கோரிக்கை. தேர்வு, கட்டணம் பற்றிய எந்த மாற்றமும் குறைந்தது ஒரு நாள் முன்னால் அறிவிப்புப் பலகையில் வர வேண்டும், குரூப்பில் வருவது அதன் நகலாக மட்டும் இருக்க வேண்டும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் குரூப்பில் வருவது மறுநாள் காலைக்குச் செல்லாது. வருகைப்பதிவுக்குப் போன் கட்டாயம் இல்லை. நான்காவதாக என் அறைத்தோழனுக்கு மறுதேர்வு என்று எழுதப் போனேன், அவனே வேண்டாம் என்று அடித்துவிட்டான்.

ஐம்பத்தெட்டுப் பேரில் இதுவரை முப்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மீதிப் பேரில் சிலர் பயப்படுகிறார்கள், அது புரிகிறது. சிலர் "குரூப்ல பிடிஎஃப்பா போடு மச்சி, பாத்துட்டு சொல்றேன்" என்கிறார்கள். போட மாட்டேன். காகிதம் என் அறையில் மேசைமேல் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. திங்கட்கிழமை மதியம் துறைத்தலைவரிடம் கொண்டுபோகிறோம், அதற்குள் வந்துவிடுங்கள்.