அம்மாவின் கோழிகளும் என் சிக்கனக் கணக்கும்

புக்கிட் தெங்காவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அம்மா பன்னிரண்டு கோழிகள் வளர்க்கிறார். காலை நிகழ்ச்சிக்காக நான் இருட்டில் கிளம்பும்போது வழியனுப்புவது அவைதாம். அக்கம்பக்கத்தாருக்கு முட்டை விற்று வரும் காசு அம்மாவின் சொந்தக் காசு. அதில் யாரும் கை வைக்கக் கூடாது. நான் வைத்துவிட்டேன்.

தீவன விலை ஏறுகிறது என்று அவர் புலம்பியபோது, "செம்பனைப் பிண்ணாக்கு மலிவும்மா, பாதிக்குப் பாதி கலந்து போடுங்க" என்றேன். பக்கத்துத் தெருவில் ஆடு வளர்ப்பவர் அதைத்தான் போடுகிறார். ஆடுகள் கொழுகொழுவென்று இருக்கின்றன. மூன்றே வாரம். நாளுக்கு எட்டு முட்டை கிடைத்த இடத்தில் மூன்று, நான்கு. எச்சம் மட்டும் கூடிவிட்டது.

"ஆட்டுக்கும் கோழிக்கும் ஒரே வயிறுன்னு ரேடியோவுல சொன்னாங்களா?" என்றார் அம்மா.

சொல்லவில்லை. அதன் பிறகுதான் படித்துப் பார்த்தேன். ஆட்டின் வயிற்றில் முதல் அறையிலேயே கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் உட்கார்ந்து நாரை உடைத்துக் கொடுக்கின்றன. கோழிக்கு அந்த வசதி கிடையாது. பல்லும் இல்லை. தீவனம் தீனிப்பையில் ஊறி, பாசாரில் நாம் 'ஹெம்பெடால்' என்று கேட்டு வாங்கும் அந்தக் கெட்டித் தசையில், விழுங்கிய சிறு கற்களோடு சேர்ந்து அரைபடுகிறது. சிறுகுடலில் மாவுச்சத்தும் புரதமும் செரிக்கின்றன. நாரை உடைக்கும் நொதி மட்டும் கோழியின் உடலில் சுரப்பதில்லை.

சிறுகுடல் முடியும் இடத்தில் முட்டுச்சந்து போல இரண்டு பைகள் உண்டு. கரையும் நாரும் மிக நுண்ணிய துகள்களும் மட்டுமே அவற்றுக்குள் போகும். அங்கே நுண்ணுயிரிகள் நொதிக்கவைத்துக் கொஞ்சம் சக்தி தருகின்றன. கொஞ்சம்தான். முரட்டு நார் சில மணி நேரத்தில் அப்படியே வெளியேறிவிடும். (கோழி அவ்வப்போது பழுப்பு நிறத்தில் பசைபோல எச்சமிடுவது அந்தப் பைகளிலிருந்து வருவது. நோய் என்று நான் பயந்திருக்கிறேன்.)

தானியத்துக்குத் தானியம் நாரும் வேறு. பார்லியின் நார் குடலுக்குள் கஞ்சி போலக் கெட்டியாகி, சத்தை உறிஞ்சவிடாமல் பிடித்துக்கொள்ளும். கோதுமையிலும் ஓரளவு அப்படித்தான். அவற்றைப் போடும் நாடுகளில் நாரை உடைக்கும் நொதியைத் தீவனத்திலேயே கலக்கிறார்கள். சோளத்தில் இந்தத் தொல்லை குறைவு. அதனால் நம் கோழிகளுக்குச் சோளம்; அதுவும் ஏறக்குறைய முழுவதும் அர்ஜென்டினா, பிரேசில் போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வருவது. 2022-இல் உலகச் சந்தையில் தீவன விலை எகிறி, இங்கே கோழிக்குத் தட்டுப்பாடு வந்து, ஜூன் 1-ஆம் தேதி அரசாங்கம் கோழி ஏற்றுமதியை நிறுத்தியதும், சிங்கப்பூரின் கோழிச்சோற்றுக் கடைகள் கலங்கியதும் நினைவிருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், ஆண்டுக்கு 20 லட்சம் டன்னுக்கு மேல் செம்பனைப் பிண்ணாக்கு இந்த நாட்டில் கிடைக்கிறது. பெரும்பகுதி வெளிநாட்டு மாடுகளுக்குப் போகிறது. அதில் நிறைந்திருக்கும் மன்னான் என்ற நார் கோழிக்கு ஒத்துவராததே காரணம். நொதி சேர்த்தும் புளிக்கவைத்தும் அதைக் கோழிக்கு ஏற்றதாக்க மார்டியிலும் புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்திலும் ஆராய்ந்திருக்கிறார்கள். நானோ எதுவும் செய்யாமல் பாதி மூட்டையைக் கொட்டச் சொன்னேன். நார் ஒரு பக்கம். முட்டைத் தீவனத்தில் இருந்த சக்தியும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்தது இன்னொரு பக்கம்.

அதற்காக நாரே ஆகாது என்றும் இல்லை. வெறும் பொடித் தீவனம் தின்னும் கோழிக்கு ஹெம்பெடால் சிறுத்துத் தொய்ந்துவிடும். கொஞ்சம் உமியோ முழுத் தானியமோ சேர்ந்தால்தான் அது வேலை செய்து பலப்படும். பாட்டி சாயங்காலம் ஒரு பிடி நெல்லை முற்றத்தில் வீசுவார். அதை நான் செலவு என்று நினைத்திருந்தேன்.

இப்போது பழைய தீவனமும் ஒரு பிடி நெல்லும். முட்டை ஏழுக்குத் திரும்பியிருக்கிறது. மிச்சப் பிண்ணாக்கை ஆட்டுக்காரர் வாங்கிக்கொண்டார். நஷ்டம் 38 வெள்ளி என்று அம்மா நாள்காட்டியில் என் பெயர் போட்டு எழுதி வைத்திருக்கிறார். இன்னும் அடிக்கவில்லை.