திலகருக்குப் பிணை கொடுத்தது யார்?

பத்திரிகைச் சுதந்திரம் என்று பேச்செடுத்தாலே திலகரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். 1882-இல் அவரை முதன்முதலாகச் சிறைக்கு அனுப்பிய கோலாப்பூர் அவதூறு வழக்கும் அந்த வீரக்கதையில் இடம்பெறும். அதில் விடுபடும் ஒரு பெயரைத்தான் நான் இங்கே நினைவூட்டுகிறேன்.

கோலாப்பூர் சமஸ்தானத்தின் இளம் மராத்தா மன்னர் நான்காம் சிவாஜியைத் திவான் மாதவராவ் பர்வே கொடுமைப்படுத்துகிறார் என்று 'கேசரி'யும் 'மராட்டா'வும் எழுதின. 'கேசரி'க்கு அகர்கர் ஆசிரியர், 'மராட்டா'வுக்குத் திலகர். பர்வே வழக்குத் தொடுத்தார். ஆதாரமாகக் காட்டிய கடிதங்கள் போலி என்று தெரியவந்தது. மன்னிப்புக் கேட்டும் இருவருக்கும் நான்கு மாதச் சிறை. 101 நாட்கள் டோங்கிரி சிறையில் கழித்தார்கள்.

வழக்கு நடந்தபோது அவர்களுக்கு 10,000 ரூபாய் பிணை கொடுத்தவர் ராம்சேட் உரவணே. ஜோதிராவ் பூலேயின் தோழர், சத்தியசோதக் சமாஜத்தைச் சேர்ந்தவர். அந்த ஏற்பாட்டைச் செய்தவரே பூலேதான். பார்ப்பனப் புரோகிதத்தை எதிர்த்து 1873-இல் சமாஜத்தைத் தொடங்கியவர், எழுதியதற்காகக் கூண்டில் நின்ற இரண்டு பார்ப்பனர்களுக்குத் துணை நின்றார். அதிகாரத்தை எதிர்த்து எழுதும் உரிமையை அவர் சாதி பார்த்து அளக்கவில்லை.

'கேசரி' எப்படி அளந்தது? அதே கோலாப்பூரில் அடுத்த மன்னரான சாகு மகராஜ், தன் வீட்டுச் சடங்குகளை வேத மந்திரம் சொல்லி நடத்தக் கேட்டார். சூத்திரருக்குப் புராண மந்திரம் போதும் என்றார்கள் புரோகிதர்கள். 1901-இல் திலகரின் 'கேசரி' புரோகிதர்கள் பக்கம் நின்றது. மராத்தா மன்னருக்காகச் சிறைக்குப் போன பேனா, இன்னொரு மராத்தா மன்னர் சமத்துவம் கேட்டதும் திரும்பிக்கொண்டது.

'அந்தக் காலம் அப்படி' என்று யாரும் சமாளிக்க வேண்டாம். அதே சிறையில் இருந்த அகர்கர், சமூகச் சீர்திருத்தத்துக்காகத் திலகரை விட்டுப் பிரிந்து, 1888-இல் 'சுதாரக்' இதழைத் தொடங்கினார். அந்தக் காலத்திலும் வேறு வழி இருந்தது.

பூலேவுக்குத் திலகர் நன்றிக்கடன் செலுத்தவில்லை என்பதல்ல என் புகார். வெள்ளையரின் அதிகாரத்தை எதிர்த்தால் கருத்துரிமை, பார்ப்பனரின் அதிகாரத்தை எதிர்த்தால் சாதித் துவேஷம் என்ற கணக்கைத்தான் எதிர்க்கிறேன். அந்தக் கணக்கு இன்றும் செய்தி அறைகளில் நடக்கிறது.

திலகரின் சிறைவாசத்தைச் சொல்லுங்கள். சொல்லும்போது உரவணேயின் பிணையையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதை விட்டுவிட்டுச் சொன்னால் அது பத்திரிகைச் சுதந்திரத்தின் வரலாறல்ல. ஒரு சாதியின் குடும்பக் கதை.