முஸ்தபா கேம்: நிறையும் குறையும்

“முஸ்தபா கேம் இருக்கா?” என்று கேட்டால் எங்கள் செட்டில் எல்லாருக்கும் புரியும். ஆனால் ‘கெடிலாக்ஸ் அண்டு டைனோசர்ஸ்’ என்று அதன் முழுப்பெயரைச் சொன்னால் முழிப்பார்கள்! ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1993-ல் காசு போட்டு ஆடும் ஆர்க்கேட் எந்திரத்துக்காகச் செய்தது. மார்க் ஷுல்ட்ஸ் வரைந்த ‘ஜெனோசோயிக் டேல்ஸ்’ காமிக்ஸ்தான் மூலக்கதை. ராயகிரியில் அந்த எந்திரத்தை நான் பார்த்ததே இல்லை. அண்ணன் பென் டிரைவில் கொண்டுவந்த எமுலேட்டரில்தான் ஆடினேன்.

முதலில் நிறைகள். ஜாக், ஹன்னா, முஸ்தபா, மெஸ் என நாலு பேர். மெஸ்ஸுக்கு பலம், முஸ்தபாவுக்கு வேகம். ஓடிவந்து அவன் விடும் உதைக்காகவே அவனை எடுக்க அடிதடி நடக்கும். மூன்றாவது கட்டத்தில் கார் ஓட்டி எதிரிகளை இடித்துத் தள்ளலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, மூன்று பேர் ஒரே அணியாக ஆடலாம்.

சரி, குறைகள்? மொத்தம் எட்டு கட்டம். அதே முகங்கள்தான் சட்டை நிறம் மாறித் திரும்பத் திரும்ப வரும். அடி, குதி இரண்டையும் சேர்த்து அமுக்கினால் வரும் சிறப்பு அடி நம் உயிரையே குறைக்கும். கடைசி வில்லன்களோ சட்டைப்பையில் இருக்கும் காசைக் காலி செய்யவே உருவாக்கப்பட்டவர்கள் போல அடிப்பார்கள்.

ஆனால் பெரிய குறை கேமில் இல்லை, நம்மிடம் இருக்கிறது என்பது என் கருத்து. எமுலேட்டரில் ஒரு பட்டனை அமுக்கினால் காசு விழுந்துகொண்டே இருக்கும். செத்தால் என்ன, இன்னொரு காசு! அதனால் யாருக்கும் பயமில்லை, கவனமில்லை. கீழே கிடக்கும் சாப்பாட்டை, உயிர் நிறைய இருப்பவனே ஓடிப்போய்த் தின்பான்.

போன லீவில் நானும் தம்பிகளும் ஒரு சட்டம் போட்டோம்: ஆளுக்கு மூன்று காசுதான். முதல் நாள் நாலாவது கட்டத்தைக்கூடத் தாண்டவில்லை. இரண்டாம் நாள் சின்னவன் சாகும் நிலையில் இருந்தான். சாப்பாடு என் காலடியில் கிடந்தது. “நீ எடுத்துக்கடா” என்று விலகினேன். அடுத்த நிமிஷமே நான் அவுட்! அவன் தனியாளாக அந்த வில்லனை முடித்தபோது நாங்கள் போட்ட கூச்சலில் அம்மா அடுக்களையிலிருந்து ஓடிவந்துவிட்டார்.

முப்பது வருஷம் தாண்டிய கேம்தான். இன்றும் ஆடலாம். ஆனால் காசை எண்ணி ஆடுங்கள். அப்போதுதான் பக்கத்தில் இருப்பவன் நண்பனா இல்லையா என்பது தெரியும்!