வேதத்திற் சேர்ந்தோரும் வழிமறித்தோரும்

"சோற்றுக்கு வேதத்திற் சேர்ந்தவர்கள்" என்ற வசை யாழ்ப்பாணச் சமுதாயத்திற்குப் புதியதன்று. பாட்டன் சொல்லப் பேரன் கேட்டு, பேரன் தன் பிள்ளைக்குச் சொல்லிவைத்த வசை அது. 2009இல் போர் முடிந்த பின்னர் வன்னிக் கிராமங்களிலும் மலையகத் தோட்டங்களிலும் சிறு சபைகள் பல எழுந்ததும் இவ்வசைக்குப் புத்துயிர் வந்திருக்கிறது. மறுபுறத்தில், மனந்திரும்புதல் முற்றாகப் பரிசுத்த ஆவியின் செயலே என்றும், சோறும் பாடசாலையும் உத்தியோகமும் அதற்குப் புறம்பானவை என்றும் சபைப் பிரசாரகர் முழங்குகின்றனர். ஒருவரையொருவர் பகைக்கும் இவ்விரு சாராரும் அடிப்படையில் ஒன்றுபடுகின்றனர். மக்கள் கிறிஸ்தவராவதற்கு ஒரே வழிதான் உண்டென்பது இருவரது துணிபும். ஒருவர் அதனை வயிற்றில் வைக்கிறார்; மற்றவர் வானத்தில் வைக்கிறார். வரலாறு இரண்டனையும் மறுக்கிறது.

முதலில் கடற்கரைக்குச் செல்வோம். முத்துக்குளித்துறைப் பரதவர் 1536ஆம், 1537ஆம் ஆண்டுகளில் ஆயிரமாயிரமாக ஞானஸ்நானம் பெற்றனர். முத்துக்குளிப்பில் எழுந்த போட்டியிலே நசுங்கிய அவர்கள், கொச்சியிலிருந்த போர்த்துக்கீசரிடம் தூது சென்று பாதுகாப்பு வேண்டினர். அப்பாதுகாப்பின் விலையாகவே மதமாற்றம் நிகழ்ந்தது. பிரான்சிஸ் சவேரியார் 1542இல் அங்கு வந்தபோது அம்மக்களுட் பெரும்பாலோர் தம் புதிய சமயத்தின் செபங்களைத்தானும் அறியாதிருந்தனர். வசை பேசுவோருக்கு இதனிலும் வாய்ப்பான சான்று கிடைக்காது. ஆயின் கதை அங்கு முடியவில்லை. 1658இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். போர்த்துக்கீசரின் பாதுகாப்பு அன்றோடு ஒழிந்தது. புதிய எசமானரோ சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர்கள். பாதுகாப்புக்காக மாறியவர்கள் பாதுகாப்புப் போனதும் மீண்டும் மாறியிருக்க வேண்டுமல்லவா? பரதவர் மாறவில்லை. ஒல்லாந்தர் வற்புறுத்தியும் அவர்கள் கத்தோலிக்கராகவே நின்றனர். பிழைப்புக்காகப் புகுந்த வீட்டை நூற்றிருபது ஆண்டுகளிலே தம் சொந்த வீடாக்கிக்கொண்டனர்.

கடலின் இக்கரையில், மன்னாரில், நிகழ்ந்தது இன்னும் கொடியது. சவேரியார் அனுப்பிய குருவானவரிடம் அங்குள்ள எளிய மக்கள் ஞானஸ்நானம் பெற்றனர். தன் குடிகள் போர்த்துக்கீச அரசனின் குடிகளாகிவிடுவர் என அஞ்சிய சங்கிலி மன்னன் 1544இல் அவர்களை வெட்டுவித்தான். ஏறத்தாழ 600 பேர் மாண்டனர் என்பது வழங்கிவரும் கணக்கு. மன்னனின் அச்சத்திற்கு அரசியற் காரணம் இருந்ததை நாம் மறுக்கவில்லை. சிலுவைக்குப் பின்னால் பீரங்கி வந்தது உண்மையே. ஆனால் பீரங்கியோடு வந்தவனை விட்டுவிட்டு, அவன் பக்கம் சாய்ந்த ஏழையின் கழுத்தில் வாள் விழுந்தது. அன்று தொட்டு இற்றைவரை இந்நியதி மாறவில்லை.

ஒல்லாந்தர் ஆட்சியிலே யாழ்ப்பாணத்தில் வேறொரு வழி திறந்தது. ஞானஸ்நானப் பதிவும் சபையின் விவாகப் பதிவும் இல்லாதவனுக்கு உத்தியோகம் இல்லை. பிள்ளைகளின் முதுசொம் உரிமைக்கும் உறுதியில்லை. ஆகவே காணியுடைய கனவான்கள் கோயிலிலே பெயரைப் பதிந்துவிட்டு, வீட்டிலே விபூதி அணிந்தனர். 1796இல் ஆங்கிலேயர் வந்து அக்கட்டாயம் தளர்ந்ததும் அப்பெருங் கிறிஸ்தவக் கூட்டம் வெயில் கண்ட பனிபோல் மறைந்தது. அதே ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் கொடுப்பது பாரிய குற்றமாயிருந்தது. கோவாவைச் சேர்ந்த யோசப் வாஸ் என்னும் குருவானவர் 1687இல் பிச்சைக்காரக் கோலத்தில் இத்தீவில் இறங்கினார். அவருக்குச் சோறிட்டு ஒளித்துவைத்தவர்கள் எளிய கத்தோலிக்கக் குடிகள். அங்கே மதம் அவர்களுக்குச் சோறு தரவில்லை. அவர்களே மதத்துக்குச் சோறிட்டனர்.

ஒரே காலம், ஒரே நாடு. பதிவுக்காக வந்த செல்வர் போய்விட்டனர். ஒறுப்பைத் தாங்கிய எளியோர் நிலைத்தனர். "சோற்றுக்கு மாறியவர்" என்ற பட்டம் இவர்களுள் யாருக்குப் பொருந்தும் என்பதை வாசகரே தீர்மானிக்கட்டும்.

அமெரிக்க மிஷன் 1816இல் யாழ்ப்பாணம் வந்தது. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினறியும், 1824இல் உடுவிலில் பெண்கள் விடுதிப் பாடசாலையும் தோன்றின. செமினறியில் நிறைந்தவர்கள் பெரும்பாலும் உயர்சாதிப் பிள்ளைகள். ஆங்கிலம் படித்தால் அரசாங்க உத்தியோகம் உண்டென்பதை அவர்தம் பெற்றோர் நன்கு கணக்கிட்டிருந்தனர். அமெரிக்க உபகாரிகளின் பெயரை ஏற்றுக்கொண்ட மாணவர்களும், சமபந்தியை ஏற்கவில்லை. மிஷன் வளவிலே சமைத்ததை உண்ணமாட்டோம் என்று அவர்கள் அடம்பிடிக்க, புறத்தே தனி அடுக்களை அமைக்கவேண்டியதாயிற்று. 1855இல் மிஷனே அச்செமினறியை மூடியது; அது போதகர்களைவிட உத்தியோகத்தர்களையே உருவாக்குகிறது என்பது மேலிடத்துக் குறைபாடு. உத்தியோகத்துக்காக வேதம் படித்தவனைச் சமுதாயம் "கெட்டிக்காரன்" என்றது; பஞ்சத்திற் கஞ்சி குடித்தவனைச் "சோற்றுக்கு விலைபோனவன்" என்றது. கஞ்சியும் சம்பளமும் பொருளாதாரந்தானே! வேறுபாடு வயிற்றில் இல்லை, வகுப்பில் இருக்கிறது.

அறிவின் வழியும் ஒன்றுண்டு, அதுவும் நேர்வழியன்று. பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து பைபிளைத் தமிழாக்க உழைத்த ஆறுமுக நாவலர், அந்நூலை அக்கால யாழ்ப்பாணத்தில் எவரினும் நன்கறிந்தும் சைவராகவே நின்று, 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப் பாடசாலை கண்டார். மிஷன் கல்வியில் வளர்ந்து கிறிஸ்தவப் பெயர் தாங்கிய சி. வை. தாமோதரம்பிள்ளை பின்னாளிற் சைவராகி, 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்தார். திருநெல்வேலி வைணவப் புலவர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளையோ 1858இல் ஞானஸ்நானம் பெற்று, பின்னர் இரட்சணிய யாத்திரிகம் பாடினார். ஏறக்குறைய ஒரே காலத்துத் தமிழறிஞர் மூவர், மூன்று முடிவுகள். மூவரது நெஞ்சையும் நாம் மதிக்கிறோம். புலவனுக்கு அளிக்கும் இம்மதிப்பைத் தோட்டத் தொழிலாளிக்கு அளிக்க மறுப்பதே எமது குற்றச்சாட்டு.

தென்னிலங்கையையும் பாருங்கள். 1956இற் பிரதமரான பண்டாரநாயக்காவும், 1978இற் சனாதிபதியான ஜே. ஆர். ஜெயவர்த்தனாவும் கிறிஸ்தவக் குடும்பங்களிற் பிறந்து பௌத்தரானவர்கள். 1931இற் சர்வசன வாக்குரிமை வந்த காலத்தில் இவ்வாறு மாறிய கனவான்களை "டொனமூர் பௌத்தர்" என ஊர் பரிகசித்தது. பரிகாசத்தோடு சரி, அவர்களைத் தண்டிக்கச் சட்டம் வேண்டுமென்று எவரும் கேட்கவில்லை. ஏழை மாறியபோதோ சட்டம் கேட்டனர். 2004இல் நமது பாராளுமன்றத்துக்கு மதமாற்றத் தடை மசோதா ஒன்று வந்தது, அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என உயர் நீதிமன்றம் கூறியது, அது சட்டமாகவில்லை. தமிழ்நாட்டில் 2002இல் அத்தகையதொரு சட்டம் நிறைவேறி, 2004இற் கைவிடப்பட்டது. கட்டாயத்தாலோ ஆசை காட்டியோ ஒருவரை மதம் மாற்றினால் மூன்றாண்டுவரை சிறை என்றது அது. மாற்றப்பட்டவர் சிறுவராகவோ, பெண்ணாகவோ, தாழ்த்தப்பட்டோர் அல்லது பழங்குடியினராகவோ இருந்தால் நான்காண்டுவரை சிறை. வயதுவந்த பெண்ணையும் தாழ்த்தப்பட்ட மனிதனையும் சிறுபிள்ளையோடு ஒரே வரியில் நிறுத்திய இச்சட்டம், அவர்களுக்குத் தமக்கெனச் சிந்தனை உண்டென்பதையே மறுத்தது. பாதுகாப்பென்னும் போர்வைக்குள் இருந்தது பழைய இளக்காரமே.

ஆசை காட்டுவது குற்றமானால், ஆசைப்படவேண்டிய நிலையில் ஒருவனை வைத்திருப்பது என்ன? 1929-30இல் உதவி பெறும் பாடசாலைகளிற் சமஆசனம் வேண்டுமென அரசாங்கம் பணித்தபோது, சில பாடசாலைகள் எரிக்கப்பட்டன. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே தாழ்த்தப்பட்ட மக்கள் உள்ளே சென்று வழிபடும் உரிமை கேட்டு நின்றபோது வாயில் மறிக்கப்பட்டது. தன் கோயிற் கதவைச் சாத்தியவன், பக்கத்து வீட்டுக் கதவு திறந்திருப்பதைக் கண்டு கூக்குரலிடுகிறான்! கணவனை இழந்து நோயிற் கிடந்த பெண்ணின் திண்ணைக்குச் சொந்தபந்தம் எட்டிப் பார்க்காதபோது, சபைக்காரி வந்து கைபிடித்துச் செபித்தாள். அந்தப் பெண் மறு ஞாயிறு சபைக்குப் போனால், அதனை விலைபோதல் என்று சொல்ல நமக்கு என்ன யோக்கியதை உண்டு?

இவ்வாறு கூறுவதால் திருச்சபைக்கு நாம் நற்சான்றிதழ் வழங்குவதாக எவரும் கருதவேண்டாம். சமத்துவம் தேடி வந்தவனுக்குத் தேவாலயத்திலும் சாதிக்கோர் இருக்கையைக் காட்டியது அச்சபையே. பெருநாளை யார் எடுப்பது, சுரூபத்தை யார் சுமப்பது என்பவற்றிலும் சாதியே தீர்ப்புக் கூறியது. நோயைச் சுகப்படுத்துவேன் என்று கூறி மருந்தை நிறுத்தச் சொல்பவனும், ஏழையின் கூலியிலே பத்திலொரு பங்கைப் பறிப்பவனும் எமது கண்டனத்துக்குரியவரே. ஏமாற்றுக்கும் பயமுறுத்தலுக்கும் நாட்டின் பொதுச்சட்டம் போதும். நம்பிக்கைக்கெனத் தனிச்சட்டம் வேண்டியதில்லை. தான் விரும்பும் மதத்தை ஏற்கும் சுதந்திரத்தை 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை ஒவ்வொருவருக்கும் உறுதிசெய்துள்ளது.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் நாம் கூறவிரும்புவது இதுவே. வகுப்பறையில் மதமாற்றம் பற்றிய பாடம் வரும்போது "எதற்காக மாறினார்கள்?" என்ற கேள்வியோடு நின்றுவிடாதீர்கள். மாறுமுன் அவர்கள் எந்தக் கிணற்றில் நீரள்ள முடியாதிருந்தனர், எந்தப் பாடசாலையில் நிலத்தில் இருத்தப்பட்டனர், மாறிய பின்னர் எந்த வாங்கிலிருந்து எழுப்பப்பட்டனர் என்பவற்றையும் கேளுங்கள். மதமாற்றத்தைத் தடுக்கச் சங்கம் அமைப்போர் உங்கள் ஊருக்கும் வருவர். ஊர்க் கிணற்றையும் கோயிலையும் மயானத்தையும் எல்லோருக்கும் திறந்துவிட்டு வாருங்கள், பேசுவோம் என்று அவர்களிடம் கூறுங்கள்.